அக்கா கையிலிருந்த முதல் அரி

லத்தி அடிப்பதற்காகக் கொடுக்கப்படுவதில்லை என்று போலீஸ் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். காட்டுவதற்காகத்தான். காட்டியும் கூட்டம் கலையாவிட்டால் அடிக்கலாம். அதுவும் இடுப்புக்குக் கீழே. இதற்குக் குறைந்தபட்ச பலம் என்று பெயர். அப்படியானால் அதிகபட்சம் எது என்று ஒருவன் கேட்டான். மைதானத்தை ஓடிச் சுற்றிவிட்டு வா என்றார் பயிற்சி கொடுத்தவர். அவன் சுற்றி முடிப்பதற்குள் எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் வன்முறை, அகிம்சை என்று எழுதிய புத்தகங்கள் சிலவற்றைப் படித்தேன். எழுதியவர்களில் ஒருவராவது லத்தி பிடித்திருப்பார் என்று தோன்றவில்லை. அந்தப் புத்தகங்களில் அடிக்கிறவன் ஒரு பக்கம் இருக்கிறான், அடி வாங்குகிறவன் இன்னொரு பக்கம் இருக்கிறான். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. எனக்கு வாய்த்த ஊரில் அப்படி இல்லை. அடிக்க வந்தவன் நான். எதிரே உட்கார்ந்திருந்தவள் என் சொந்த அக்கா.

ஊர் குடவாசலுக்கும் நன்னிலத்துக்கும் நடுவில். பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். அப்போது இதெல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேடைகளில் சாதி மளமளவென்று ஒழிந்துகொண்டிருந்தது. நில உச்சவரம்புச் சட்டமும் வந்திருந்தது. அந்த ஊர் மிராசுதார் சட்டத்தை மதிப்பவர். நிலத்தை வீட்டில் எல்லோர் பேருக்கும் பிரித்து எழுதிவிட்டார். கடைசி இரண்டு மா நிலம் அவருடைய உழவு மாட்டின் பேரில் இருப்பதாக ஊரில் கேலி செய்வார்கள். ஆட்சி மாறிய வருஷமே வேட்டிக் கரையையும் மாற்றிக்கொண்டவர். பகுத்தறிவு பற்றி நன்றாகப் பேசுவார். நானே பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் ஒரு கூட்டத்தில் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன்.

தகராறு கூலி பற்றியது. அறுவடைக் கூலி நெல்லாகத்தான் கொடுப்பார்கள். அதில் அரை மரக்கால் ஏற்றிக் கேட்டது சங்கம். மிராசுதார் மறுத்தார். ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். அவர் மேற்கேயிருந்து ஒரு லாரி வெளியாட்களைக் கூட்டி வந்தார். சங்கத்து ஆட்கள் வரப்பில் சிவப்புக் கொடியை நட்டார்கள். பிறகு மிராசுதார் எங்களைக் கூப்பிட்டார். தை பிறந்து சம்பாப் பயிர் முற்றி, தலை சாய்ந்து கிடந்தது. இன்னும் சில நாள் விட்டால் நெல் மணி வயலிலேயே உதிர்ந்துவிடும். அது மிராசுதாருக்கும் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். அதனால் இரண்டு பேருமே பொறுமையாக இருந்தார்கள்.

நாங்கள் லத்தியோடு வரிசை கட்டி வயலோரம் போய் நின்றோம். பெண்கள் முன்னாலும் ஆண்கள் பின்னாலுமாக வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பெண்கள் முன்னால் இருந்தால் போலீஸ் யோசிக்கும். சப் இன்ஸ்பெக்டர் பட்டணத்துப் பிள்ளை, வேலைக்குப் புதிது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கலைந்து போகும்படி எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தார். அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் தம்பி! நீயாடா? என்னடா இப்படி எளச்சுப் போயிட்ட?"

அரசாங்கத்தின் எச்சரிக்கை பாதியில் நின்றது. அரை டிராயரும் தொப்பியுமாக நான் நேராகப் பார்த்தபடி நின்றேன். அக்கா பக்கத்தில் இருந்தவளிடம், "எந் தம்பிதான். பூம்புகார் ரோட்டுல எங்க ஊரு. சின்னதுலேருந்தே சோறு சரியாத் திங்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசையில் என் பக்கத்தில் நின்றவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அவளை அந்த ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எந்த ஊர் என்று சொல்லாமல்தான் எங்களை லாரியில் ஏற்றினார்கள்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு அறுத்தவர்கள். அம்மா போன பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அக்காதான். அவள் நடவு நட்டாள், களை பறித்தாள், நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் தெருவிலிருந்து சர்க்கார் வேலைக்குப் போன முதல் ஆள் நான். பயிற்சி முடிந்து நான் ஊருக்கு வந்தபோது அவள் புருஷன் வீட்டிலிருந்து வந்து என் தொப்பியைத் தன் தலையில் வைத்துப் பார்த்தாள்.

மத்தியானம் மிராசுதார் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. பந்தோபஸ்துக்கு வரும் போலீசுக்கு யார் சோறு போடுவது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. யாருக்காக வந்தோமோ அவர்கள் போடுவார்கள். லத்திகளைக் கூடத்து மூலையில் சாய்த்து வைத்துவிட்டுக் கை கழுவினோம். சமையல்காரர் ஒவ்வொருவரிடமும் மரியாதையாக, எந்த ஊருங்க, எந்தத் தெருங்க என்று விசாரித்துக்கொண்டே இலை போட்டார். நான் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"நீங்க கொல்லப்பக்கமா வாங்க. காத்தாட உக்காந்து சாப்பிடலாம்."

போனேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இலை போட்டிருந்தார். காற்று நன்றாகத்தான் வந்தது. சாம்பாரும் குறை இல்லை. என் லத்தி மட்டும் உள்ளே, மற்ற லத்திகளோடு சேர்ந்து கூடத்தில் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் அப்பளத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன். பசி.

சாப்பாடு முடிந்த பிறகுதான் விவகாரத்தின் உள் முடிச்சு எங்களுக்குத் தெரிய வந்தது. லாரி நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், போலீஸ் இருக்கிறது, பிறகு ஏன் வயலில் இறங்கவில்லை என்று எஸ்.ஐ. கேட்டார். மிராசுதார் கொஞ்சம் நெளிந்தார்.

"மொத அரி விழணும் சார்."

அறுக்கும்போது ஒரு கைப்பிடியாகப் பிடித்து அறுக்கிற கதிருக்கு அரி என்று பெயர். அந்தப் பண்ணையில் அறுவடை தொடங்கும் நாளில், வயலின் வடகிழக்கான சனி மூலையில் முதல் அரியை ஒரு குறிப்பிட்ட குடும்பத்துப் பெண்தான் அறுக்க வேண்டும். அறுத்து, மிராசுதார் வீட்டு முறத்தில் போட வேண்டும். சூடம் கொளுத்திக் கும்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் அரிவாள் வைக்கலாம். ராசிக் கை. ஒரு வருஷம் அந்தக் குடும்பத்தில் தீட்டு என்று வேறு ஆளை வைத்துத் தொடங்கினார்கள். களத்தில் போட்ட கதிரெல்லாம் மழையில் முளைத்துவிட்டது. மழை அந்த வருஷம் ஜில்லா முழுவதும்தான் பெய்தது. ஆனால் மிராசுதாருக்குத் தன் களத்தில் பெய்தது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

"அந்தக் குடும்பத்துல இப்ப யாரு?" என்றார் எஸ்.ஐ.

மிராசுதார் என்னைப் பார்த்தார். அக்காவின் மாமியார் செத்துப் போன பிறகு அந்தக் கை அக்காவின் கை.

அன்றைக்குத் தோன்றியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நிலம் அவருடையது, அல்லது அவருடைய மாட்டினுடையது. கட்சி அவர் பக்கம். லாரி அவர் வாடகைக்கு எடுத்தது. நாங்கள் அவர் சோற்றைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தோம். இத்தனையும் சேர்ந்து, வரப்பில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து வந்து ஒரு பிடி கதிரை அறுக்க மாட்டாளா என்று காத்திருந்தது. அதிகாரம் என்றால் அடுத்தவனைச் செய்ய வைப்பது என்று நினைத்திருந்தேன். அடுத்தவன் செய்து கொடுத்தால்தான் அது நிற்கிறது என்பதை அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எஸ்.ஐ. என்னை அனுப்பினார். பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவின் எதிரே போய்க் குந்தினேன்.

"ஒன்னயத்தான் அனுப்புவாங்கன்னு தெரியும்" என்றாள். "சாப்டியா?"

"ஆச்சுக்கா."

"எங்க உக்கார வச்சுப் போட்டாங்க?"

நான் தொப்பியைச் சரிசெய்தேன். அந்தக் கொல்லையைத் தினமும் காலையில் கூட்டுகிறவள் அவள்தான்.

"காத்து வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

அவள் பயிரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து கருக்கரிவாளை உருவிக்கொண்டு எழுந்தாள். "சரி, வா. அறுக்குறேன்." பின்னாலிருந்து சங்கத்து ஆள் ஒருவர், "என்னம்மா இது, அநியாயமா இருக்கே" என்று கத்தினார். "சும்மா இருங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

மிராசுதார் வீட்டு அம்மா கூட்டத்துக்குப் பயந்து வெளியே வரவில்லை. அதனால் மிராசுதாரே முறத்தைப் பிடித்துக்கொண்டு சனி மூலையில் நின்றார். வெளியாட்கள் லாரி நிழலிலிருந்து எழுந்து வந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அக்கா கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். குனிந்தாள். சரக்கென்று ஒரே இழுப்பில் ஒரு பிடி கதிர் அவள் கையில் வந்தது. மிராசுதார் முறத்தை நீட்டினார்.

அக்கா அரியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அறுக்கச் சொன்னீங்க, அறுத்துட்டேன்யா. அரை மரக்கா ஏத்தித் தர்றேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போட்டுர்றேன்."

அவள் கத்தவில்லை. குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான். முன் வரிசைப் பெண்கள் முதலில் விழித்தார்கள், பிறகு ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"அது போனாப் போகுது, வேற எடத்துல இன்னொரு புடி அறுத்துக்கலாமே?" என்றார் எஸ்.ஐ.

மிராசுதார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மொத அரின்னா ஒண்ணுதான் சார்."

வெயில் கொளுத்தியது. முறத்தோடு மிராசுதார் நின்றார். கீழே வைத்தாலும் சகுனம் சரியில்லை போலிருக்கிறது. எஸ்.ஐ. எங்களைத் தனியே கூப்பிட்டு ஆலோசனை செய்தார். ஒரு பிடிக் கதிர்தானே, கையிலிருந்து வாங்கிவிட்டால் முடிந்தது. யார் வாங்குவது என்பதுதான் கேள்வி. மிராசுதார் அவள் கையைத் தொட முடியாது. தொட்டால் குளிக்காமல் வீட்டுக்குள் போக முடியாது. ஏட்டு, தன் வீட்டில் அன்றைக்கு விசேஷம் என்றார். இன்னொருவர் கையில் கட்டி என்றார். எஸ்.ஐ.க்குச் சாதி பற்றிக் கவலை இல்லை. ஆனால் இத்தனை பெண்கள் முன்னால் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தால் பத்திரிகையில் வந்துவிடும். இத்தனை நாள் எங்களைத் தள்ளி நிற்க வைத்த தீட்டு, அன்றைக்கு ஒரு நாள் அவளுக்குக் காவல் நின்றது. கடைசியில் எல்லோர் கண்ணும் என் மேல் வந்து நின்றது. அந்தக் கையைத் தொடக்கூடிய போலீஸ்காரன் அங்கே ஒருவன்தான் இருந்தான்.

"ஒங்க அக்கா கையிலேர்ந்து நீ வாங்கினா அது பலப்பிரயோகமே இல்லய்யா" என்று எஸ்.ஐ. எனக்குப் புரிய வைத்தார். "வீட்டு விஷயம். வெரல மெதுவா ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்துரு."

கிட்டத்தில் போனேன். அக்காவின் கை அரியை இறுக்கிப் பிடித்திருந்தது. சுண்டு விரலில் அரிவாள் பட்ட பழைய தழும்பு. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பி வந்தேன்.

"என்னால முடியாது சார்."

"ஆர்டர்ய்யா இது."

"முடியாது சார்."

எஸ்.ஐ. முகம் சிவந்தது. வெயிலும் காரணமாக இருக்கலாம். "அப்ப இங்கேயே பெல்ட்டக் கழட்டி வச்சுட்டு நடையக் கட்டு. வேல போனாத்தான் ஒனக்கெல்லாம் புத்தி வரும்."

சத்தமாகவே சொன்னார். நான் பெல்ட்டில் கை வைத்தேன். வீரத்தால் இல்லை, சொன்னதைச் செய்து செய்து பழகிய கை. கொக்கி துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது முறத்தில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அக்கா எழுந்து வந்து அரியை முறத்தில் போட்டிருந்தாள்.

சூடம் கொளுத்தினார்கள். எங்கள் காவலில் வெளியாட்கள் வயலில் இறங்கினார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் வரப்போடு நடந்து தெருவுக்குள் போய்விட்டாள்.

"பெல்ட்ட மாட்டுய்யா" என்றார் எஸ்.ஐ. அவருக்கு அன்று ரொம்பத் திருப்தி. தடியடி இல்லை, காயம் இல்லை, கைது இல்லை. அமைதியாக முடிந்தது என்று மேலே தகவல் சொன்னார். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. யார் மேலும் யார் கையும் படவில்லை. ஒரு தெரு முழுவதற்கும் அந்த வருஷத்து அறுவடை நெல் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். இதை வன்முறை என்று சொல்ல ஒரு கீறலாவது காட்ட வேண்டும். நான் படித்த புத்தகங்களிலும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகத் தெரியவில்லை. அவள் லத்திக்குப் பயப்படவில்லை, லாரிக்குப் பயப்படவில்லை, மிராசுதாரையே முறத்தோடு வெயிலில் நிற்க வைத்தாள். அவளை மடக்க என் இடுப்பில் ஒரு கொக்கி போதுமாக இருந்தது. யாருக்கு யார் மேல் பாசம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆயுதமே வேண்டியதில்லை. எஸ்.ஐ.கூட அதைத் தெரிந்து செய்யவில்லை. கோபத்தில் சொன்னது வேலை செய்துவிட்டது.

வெளியாட்கள் அறுத்து, அடித்து, லாரி ஏறிப் போன பிறகு லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் திட்டவில்லை. ஒரு கிழவி, "வா தம்பி, அக்கா உள்ளதான் இருக்கு" என்றாள். திட்டியிருக்கலாம். அக்காவையும் யாரும் திட்டவில்லையாம். கூடப்பிறந்தவனுக்காகத்தானே, நாங்களா இருந்தாலும் போட்டிருப்போம் என்று சொன்னார்களாம். அதைக் கேட்டுக்கேட்டே அவள் வெளியே வருவதை நிறுத்தியிருந்தாள்.

வாய்க்காலில் பிடித்த நண்டை உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். இந்த உத்தியோகம் எனக்கு வேண்டாம், நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடப் போகிறேன், உன் பக்கத்தில் உட்கார்ந்து கொடி பிடிக்கிறேன் என்றேன். பஸ்ஸிலேயே இதைப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

எழுந்து வந்தாள். ஓங்கி ஒரு அறை விட்டாள். காது அடைத்துப் போயிற்று. அந்த அறுவடைத் தகராறில் அந்த ஊரில் விழுந்த அடி அது ஒன்றுதான்.

"எவ வீட்லயும் ஒல ஏறலடா இன்னைக்கு" என்றாள். "இந்தத் தெருவுல இருக்குற அத்தன பேரு வயித்துலயும் அடிச்சு அந்த பெல்ட்ட ஒன் இடுப்புல நிக்க வச்சுருக்கேன். நீ கழட்டிப் போட்டுட்டு வருவியா? சொல்லுடா, கழட்டிருவியா?"

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே நண்டுச் சாற்றை அடுப்பில் வைத்தாள். நுரை கட்டி வந்ததும் கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"குடிச்சுட்டு டூட்டிக்குப் போ."

குடித்தேன். டூட்டிக்குப் போனேன். ஓய்வு பெறும் வரை போய்க்கொண்டே இருந்தேன்.